பெட்டிக்குள் பல்லி

எங்கள் வீடு கலேவெலப் பட்டினத்திலிருந்து சற்றே விலகி, குருநாகல், தம்புள்ளை வழியாகத் திருகோணமலைக்குச் செல்லும் பெருந்தெருவின் ஓரத்தில் இருக்கிறது. பகலில் பஸ்களின் இரைச்சல்; இரவில் தம்புள்ளைச் சந்தையிலிருந்து மரக்கறி ஏற்றிவரும் லொறிகளின் இரைச்சல். பதினைந்து ஆண்டுகளாக இதற்குள்ளேயே வாழ்ந்து பழகிவிட்டபடியால், ஓசை என்பது எங்களுக்கு ஒரு பொருட்டே அன்று. யன்னல் கண்ணாடி அதிர லொறி போகும்போது பேச்சை நிறுத்துவோம். அது போனபின், விட்ட சொல்லிலிருந்து தொடங்குவோம். விருந்தினர்தாம் திகைத்துப் போவார்கள்.

அத்தகைய வீட்டில் வாழும் எங்களைக் கடுகளவான ஓர் ஓசை மூன்று வாரம் ஆட்டிவைத்தது என்றால் நேயர்கள் நம்புவார்களோ என்னவோ! ஆயினும் நடந்தது அதுதான்.

ஓசை வந்த இடம் எங்கள் வீட்டுக் கணினி. 2013ஆம் ஆண்டில் வாங்கியது. மடியில் வைத்துக்கொள்ளும் வகை அன்று. மேசைக்கு அடியில் ஒரு பெட்டியும், மேசைமேல் ஒரு திரையுமாக இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் பழைய வகை. அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியது வாங்கும்படி மகள் பலமுறை சொன்னதுண்டு. மகள் உயர்தர வகுப்பு மாணவி. அவள் சொல்வதில் நியாயமும் உண்டு. ஆனால் ஆசிரியர் சம்பளம் என்பது நியாயத்தின் பின்னால் அவ்வளவு விரைவாக ஓடக்கூடியதன்று.

முதன்முதலில் எழுந்தது தேங்காய் துருவுவது போன்ற ஓசை. 2025 பெப்ரவரி மாதம். அம்மாதத்தை இந்நாட்டார் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, முற்பகலில், இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றுவிட்டது. பாணந்துறையில் உள்ள உபமின்நிலையத்தில் குரங்கொன்று மின்மாற்றியைத் தொட்டதே காரணம் என்று அமைச்சர் சொன்னார். நுரைச்சோலை அனல்மின் நிலையமும் அதனால் நின்றுபோக, அடுத்த சில நாள்களில் ஒன்றரை மணிநேர மின்வெட்டும் வந்தது. அனுமன் இலங்கையை எரித்தான். அவன் குலத்தான் இருளில் வைத்தான் என்று எங்கள் ஆசிரியர் கூடத்தில் ஒருவர் சொல்லச் சிரித்தோம். மின்சாரம் நின்ற அவ்வேளையில் எங்கள் கணினி இயங்கிக்கொண்டிருந்தது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

தேங்காய் துருவும் ஓசையைக் கண்டுபிடிப்பது எளிதாகவே இருந்தது. நான் பௌதிகவியல் கற்பிப்பவன். அதிர்வு, பரிவு என்பவற்றை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி அழிப்பவன். முதலில் பெட்டியின் பக்கத்தகட்டை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தேன். தகட்டின் திருகாணி தளர்ந்து அதனால் அதிர்கிறதென்றால், அழுத்தியதும் ஓசை நிற்கும், நிற்கவில்லை. பின்னர்த் தகட்டைக் கழற்றி, மகளை விளக்குப் பிடிக்கச் சொல்லி, பென்சிலின் அழிறப்பர் முனையால் மின்விசிறியின் நடுவே மெல்லத் தொட்டு ஒரு கணம் நிறுத்தினேன். ஓசை நின்றது. விட்டேன், மீண்டும் துருவியது. விசிறியின் அச்சு எண்ணெய் வறண்டு, தூசி ஏறி, தள்ளாடிக்கொண்டிருந்தது. எங்கள் பகுதித் தூசியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே மாணவ நேயர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் மின்வழங்கி என்னும் சிறு பெட்டியை மட்டும் யாரும் திறக்கலாகாது. 230 வோல்ற்று ஆடலோட்டத்தை நேராக்கினால் ஏறத்தாழ 325 வோல்ற்று வரை கொள்ளளவிகளில் தேங்கும். செருகியைக் கழற்றிய பின்னரும் அது சிறிது நேரம் அங்கேயே காத்திருக்கும். மற்றவற்றைத் திறந்து பார்ப்பது அறிவு. அதைத் திறந்து பார்ப்பது வேறொன்று.

விசிறியைக் கழற்றியபோதுதான் அது ஓடிற்று. பல்லி! தாய்ப்பலகையின் குறுக்கே விரைந்து, கம்பிக் கற்றைக்குள் நுழைந்து, மேசைக்காலில் ஏறி மறைந்தது. அடியில் தூசிப்படுக்கையில் இரண்டு வெண்ணிற முட்டையோடுகள் கிடந்தன. இளஞ்சூடு, இருட்டு, ஆள் நடமாட்டம் இன்மை: பிள்ளைப்பேற்றுக்கு இதைவிட நல்ல இடம் அதற்கு எங்கே கிடைக்கும்?

கணினிக்குள் உயிரினம் புகுந்த கதைகளுள் புகழ்பெற்றது ஹார்வர்ட் பல்கலைக்கழகக் கதை. 1947 செப்ரெம்பர் 9ஆம் திகதி, அங்கே மார்க் 2 என்னும் பெரும் கணினியின் அஞ்சல் சாவி ஒன்றினிடையே விட்டிற்பூச்சி ஒன்று அகப்பட்டிருக்கக் கண்டார்கள். அதை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி, உண்மையான பூச்சி கிடைத்த முதல் சம்பவம் இது என்று வேடிக்கையாக எழுதியும் வைத்தார்கள். பொறிகளின் கோளாற்றைப் பூச்சி என்று சொல்வது எடிசன் காலத்திலேயே உண்டு. அதனால்தான் அது வேடிக்கையாயிற்று. அக்குறிப்பேடு பூச்சியோடு இன்றும் அமெரிக்காவின் சிமித்சோனியன் அரும்பொருளகத்தில் இருக்கிறது. நான் முட்டையோடுகளை ஒட்டி வைக்கவில்லை. தூசியை ஊதி, புதிய விசிறி வாங்கிப் பூட்டி, பெட்டியை மூடினேன். வீட்டில் என் மதிப்புச் சற்று உயர்ந்தது.

அந்த மதிப்புத்தான் கெடுத்தது.

நான்கு நாள் கழித்து, ஒரு மாலை, பெட்டிக்குள்ளிருந்து 'டிக், டிக், டிக்' என்று கேட்டது. "பல்லி திரும்பி வந்துவிட்டது" என்றேன் நான். அதில் எனக்கு ஐயமே எழவில்லை. கண்ணால் கண்ட பல்லி. கையால் எடுத்த முட்டையோடு. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? என் தாயார் உடனே பஞ்சாங்கத்தை எடுத்து வந்து, கிழமையையும் திசையையும் பார்த்து, "பொருள் வரவு எண்டு இருக்கு தம்பி" என்றார். மறுநாள் கேட்டபோது உறவினர் வருகை. அதற்கு மூன்றாம் நாள் மாத்தளையிலிருந்து என் சிறிய தாயார் சொல்லாமல் கொள்ளாமல் வந்திறங்கியபடியால், பெட்டிக்குள் இருக்கும் பல்லிக்கு வீட்டில் ஒரு மரியாதையே உண்டாகிவிட்டது. பெட்டியைத் திறந்து அதைத் துரத்தக்கூடாது என்று கட்டளையும் பிறந்தது.

இப்படி இரண்டு வாரம் போயிற்று. இதற்கிடையில் கணினி அவ்வப்போது சிலையாய் நின்றது. படம் ஒன்றைத் திறப்பதற்கு ஒரு தேநீர் குடிக்கும் நேரம் எடுத்தது. பழையது, அப்படித்தான் இருக்கும் என்று இருந்துவிட்டேன்.

ஒரு நாளிரவு மகள் கேட்டாள்: "அப்பா, பல்லி இவ்வளவு ஒழுங்காச் சொல்லுமா?"

அவள் கைக்கடிகாரத்தை வைத்து எண்ணியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் ஒரே இடைவெளி. ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணிக்கை. இறுதியில் எதுவோ சுழன்று அடங்குவது போல ஒரு பெருமூச்சு. பிறகு அமைதி. சிறிது நேரத்தில் மறுபடி அதே வரிசை. உயிருள்ள எதுவும் அப்படிக் கணக்காகச் சொல்லாது. ஊசலின் அலைவு காலத்தை அளக்க இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குக் கற்பித்தவன், தன் மேசைக்கு அடியில் எழுந்த ஓசையின் அலைவு காலத்தை அளக்க நினைக்கவில்லை!

ஓசை பெட்டியின் எப்பகுதியிலிருந்து வருகிறதென்று அறிய வேண்டும். மகள் ஒரு பயிற்சித் தாளைக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையைப் பெட்டியிலும் மறுமுனையைக் காதிலும் வைத்தாள். 1816இல் பாரிஸ் நகரில் லனெக் என்னும் மருத்துவர் நோயாளிப் பெண்ணொருத்தியின் மார்பில் காதை வைக்க நாணி, இதேபோல் தாளைச் சுருட்டி வைத்துக் கேட்டதிலிருந்துதான் மருத்துவர் கழுத்தில் தொங்கும் கருவி பிறந்தது. அவருக்கு லொறித் தொல்லை இல்லை. நாங்களோ ஒரு லொறிக்கும் மறு லொறிக்கும் இடையே மூச்சை அடக்கிக் கேட்க வேண்டியிருந்தது.

"இங்க கீச்செண்டு ஒரு சத்தம் கேக்குது அப்பா" என்றாள் மகள், மின்வழங்கியின் பக்கம் குழலை வைத்து. நான் வைத்துக் கேட்டேன். ஒன்றுமில்லை. அவள் மறுபடி கேட்டாள், அவளுக்குக் கேட்டது. கம்பிச் சுருள்களில் மின்னோட்டம் வெகு விரைவாக ஏறி இறங்கும்போது, காந்தவிசையால் சுருளே மெல்ல அதிர்ந்து எழுப்பும் நுண்ணிய ஒலி அது, தீங்கில்லாதது. எனக்கு ஏன் கேட்கவில்லை என்பதுதான் அன்று நான் அறிந்த செய்தி. வயது ஏற ஏற மேற்சுருதி ஒலிகளே முதலில் காதை விட்டுப் போகின்றன என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அது என்னைப் பற்றியது என்று நினைத்துச் சொன்னதில்லை.

குழலை முன்பக்கம் நகர்த்தினோம். லொறி ஒன்று கடந்தது. அமைதி. 'டிக், டிக், டிக்.' இம்முறை எனக்கும் காதுக்குள்ளேயே தட்டினாற்போல் கேட்டது. அந்த இடத்தில் இருந்தது வன்தட்டு.

அவ்வேளையில் என் வயிற்றில் உண்டான உணர்ச்சியை விளக்க, அந்த வன்தட்டில் என்ன இருந்தது என்று சொல்ல வேண்டும்.

என் தந்தையார் 2018இல் காலமானார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு நீண்ட விடுமுறையில், அவரைச் சாய்மனைக் கதிரையில் இருத்தி, கைத்தொலைபேசியை அருகில் வைத்து, பழைய கதைகளைச் சொல்லச் சொன்னேன். பதினான்கு பதிவுகள், மூன்று மணிநேரத்துக்குச் சற்று மேல். கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்த மக்கள், மன்னார்ப் பக்கம் கரையிறங்கி, காட்டுவழியே தம்புள்ளையூடாக மாத்தளைக்கு நடந்தார்கள் என்று சரித்திர நூல்களில் படிக்கிறோம். வழியில் நோயாலும் பசியாலும் மாண்டவர் பலர் என்றும் படிக்கிறோம். அப்படி நடந்து வந்தவருள் ஒருவர் என் தந்தையாரின் பாட்டனாருடைய தகப்பனார். அந்த நடையைப் பற்றி வீட்டில் வழிவழியாக வந்த கதையைத் தந்தையார் அதில் சொல்லியிருக்கிறார். நாங்கள் இன்று குடியிருக்கும் இடத்திலிருந்து அந்த வழி வெகு தூரமில்லை. அதைப் பதிந்த தொலைபேசி எப்போதோ பழுதாகிவிட்டது. பதிவுகள் இருந்த ஒரே இடம் இந்தத் தட்டு. வேறோரிடத்தில் படியெடுத்து வைக்க வேண்டும் என்று ஏழு ஆண்டுகளாக நினைத்துக்கொண்டேயிருந்தேன்.

வன்தட்டு என்பது கண்ணாடிபோல் மெருகிட்ட வட்டத் தகடுகளின் அடுக்கு. எங்களுடையது நிமிடத்துக்கு 7,200 சுற்று, அதாவது செக்கனுக்கு 120 சுற்றுச் சுழல்வது. காந்தப் பதிவைப் படிக்கும் முனை அத்தகட்டைத் தொடாமல், சில நனோமீற்றர் உயரத்தில், காற்றின் மேல் மிதந்து செல்கிறது. நம் தலைமயிரொன்றின் தடிப்பு ஏறத்தாழ 80,000 நனோமீற்றர் என்றால் அந்த இடைவெளியை எண்ணிப் பார்க்கலாம். தான் எங்கே நிற்கிறது என்பதை முனை அறிவதற்குத் தகட்டில் அடையாளங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. முனை பழுதுபட்டோ, அடையாளம் அழிந்தோ வழி தெரியாமற் போனால், அது தொடங்கிய இடத்துக்கே திரும்பி மறுபடி முயலும். அந்தத் திரும்புதலின் ஓசையே 'டிக்'. இத்தனை முறை முயன்று முடியாதபோது சுழற்சியை நிறுத்திவிடும். அதுதான் என் மகள் கேட்ட பெருமூச்சு.

உடனே அணைத்திருக்க வேண்டும். நானோ, உறுதிசெய்துகொள்வதற்கென்று அடுத்த இரண்டு நாளும் போட்டுப் போட்டுக் கேட்டேன். நோயாளியை ஓடவிட்டு மூச்சுத் திணறலை ஆராயும் வைத்தியனும் உண்டோ?

ஆசிரியர் கூடத்தில் ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் ஓரிரவு வைத்தால் சரியாகிவிடும் என்றார் ஒருவர். வேறெங்கோ சரியாகியும் இருக்கிறதாம். எங்கள் ஊர் வெப்பத்தில் குளிர்ந்த தகட்டை வெளியே எடுத்தால் அதன்மேல் நீர் பனித்து நிற்கும் என்பதை எண்ணினாலே போதும். பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டும்படி சொன்னார் இன்னொருவர். வானொலிப்பெட்டிக் காலத்து வைத்தியம் அது.

இறுதியில் கடைத்தெருவில் உள்ள கணினி திருத்தும் கடைக்குப் பெட்டியைத் தூக்கிச் சென்றேன். கடைக்காரத் தம்பி என் பழைய மாணவன். பௌதிகவியலில் சாதாரண சித்தி. இவனுக்கு விஞ்ஞானம் வராது, கடையில் இருத்துங்கள் என்று அவன் வாப்பாவிடம் நான் சொன்னது அவனுக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, எனக்கு வாசற்படியிலேயே நினைவுக்கு வந்தது.

அவன் திருப்புளியைத் தொடவில்லை. முதலில் கேள்விகள் கேட்டான். "சேர், இதுல முக்கியமானது என்ன இருக்கு?" சொன்னேன். "சத்தம் எப்ப இருந்து?" சொன்னேன். "சத்தம் கேட்ட பிறகு எத்தனை தரம் போட்டீங்க?" அதற்கு நான் சொன்ன விடையைக் கேட்டு அவன் ஒன்றும் சொல்லவில்லை. விடைத்தாளில் பூச்சியம் இடும்போது நானும் அப்படித்தான் பேசாமல் இருப்பேன்.

குரங்கால் வந்ததா என்று கேட்டேன். அன்று மின்சாரம் திடீரென்று நின்றதே! அவன் சிரித்தான். மின்சாரம் நின்றாலும் தகடு உடனே நிற்பதில்லை. அந்தச் சுழற்சியைக் கொண்டே மோட்டார் சிறிது மின்னைப் பிறப்பித்து, அதனால் முனையைப் பாதுகாப்பான இடத்துக்கு இழுத்து வைத்துவிடும் என்றான். மோட்டாரைச் சுழற்றினால் மின்பிறப்பாக்கி என்று அவனுக்கு நான் கற்பித்திருக்கிறேன். இதற்குப் பயன்படும் என்று நான் அறிந்திருக்கவில்லை. "பன்னிரண்டு வருசம் ஓடியிருக்கு சேர். அது போதாதா?" என்றான். குரங்கை விட்டுவிட்டேன்.

தட்டைத் திறக்க மாட்டேன் என்று அவன் முன்னரே சொல்லிவிட்டான். தூசி புகாத தனி அறையில் மட்டுமே அதைத் திறக்கலாம். ஒரு தூசித்துகள் அந்த முனைக்கு மலைக்கு ஒப்பானது. திறவாமலே, நன்றாகப் படிக்கக்கூடிய பகுதிகளை முதலில் வேறொரு தட்டுக்குப் படியெடுத்துவிட்டு, கெட்ட பகுதிகளுக்கு இறுதியில் திரும்பி வந்து பொறுமையாக முயலும் ஒரு மென்பொருள் இருக்கிறது. அதை ஓடவிடுவதாகச் சொன்னான். நான்கு நாள் கேட்டான்.

அந்த நான்கு நாளும் கல்லூரி விட்டு வரும்போது கடைவாசலில் நின்றேன். திரையில் எண்கள் மெல்ல ஏறிக்கொண்டிருந்தன. இடையிடையே 'டிக்'. ஒவ்வொரு டிக்குக்கும் தந்தையாரின் ஒரு வாக்கியம் போகிறது என்று எனக்குத் தோன்றும். 1956இல் ஐ.பி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட முதல் வன்தட்டு, 24 அங்குலத் தகடுகள் ஐம்பது கொண்டது. ஒரு தொன்னுக்கு மேல் நிறை. கொண்டது 50 இலட்சம் எழுத்துகள். தந்தையாரின் மூன்று மணிநேரப் பேச்சை வைக்க அத்தகைய அலுமாரிகள் இருபதேனும் வேண்டியிருக்கும். அவ்வளவு பெரிதாக இருந்திருந்தால் நான் மறந்திருக்க மாட்டேன். உள்ளங்கையளவு என்பதால் அல்லவோ ஏழு ஆண்டு மறந்தேன் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் புதிய தட்டைத் தந்தான். பதினான்கில் பதினொன்று முழுமை. ஒன்று பாதி. இரண்டு இல்லை. இல்லாத இரண்டில் ஒன்று தந்தையார் தம் கலியாணத்தைப் பற்றிச் சொன்னது. அதைத் தாயாரிடம் சொல்ல எனக்கு ஒரு வாரம் எடுத்தது. நடைக்கதை பாதியாய் வந்தது: தம்புள்ளை வரை வருகிறார்கள், மாத்தளைக்கு வந்து சேரவில்லை. மீதியை நான் நினைவிலிருந்து எழுதி வைத்திருக்கிறேன். அது அவர் குரலன்று. தட்டுக்கும் வேலைக்கும் உரிய பணத்தை அவன் குறையாமல் வாங்கிக்கொண்டான். அது எனக்கு ஆறுதலாக இருந்தது. இப்போது பதிவுகள் மூன்று இடங்களில் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று அவன் கடையிலே.

அன்றிரவு எல்லோரும் மண்டபத்தில் அமர்ந்து கேட்டோம். தந்தையார் இருமினார், கதிரை கிரீச்சிட்டது, எங்கள் வீதியின் லொறி ஒன்று, ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னான லொறி, குறுக்கே சென்றது, அவர் பேச்சை நிறுத்திப் பின் விட்ட சொல்லிலிருந்து தொடங்கினார். நடைக்கதையின் நடுவே, அவர் குரலுக்குப் பின்னால், மெல்லிதாய், 'ட்ச், ட்ச், ட்ச்' என்று கேட்டது. நான் திடுக்கிட்டு எழுந்து புதிய தட்டின் அருகே காதைக் கொண்டுபோனேன்.

பதிவுக்குள் தந்தையார் பேச்சை நிறுத்தினார். கதிரைக் கையை விரலால் மூன்று முறை தட்டினார்.

"உண்மைதான், பல்லியும் சொல்லுது" என்றார். பிறகு தொடர்ந்தார்.

தாயார் என்னைப் பார்த்து, "இது பல்லிதான் தம்பி, இரு" என்றார்.